ஐந்தரை அடி உருப்படி

நாற்காலியில் ரேஞ்சர் மிக்கேல்ராஜ். ஜன்னலோரப் பெஞ்சில் பாரஸ்ட் கார்டு பரீது. பக்கத்து மேசையில் குமாஸ்தா அர்த்தநாரி. தரையில் மலைக்குடியைச் சேர்ந்த வேலுத்தாய். அவளுக்கும் மேசைக்கும் நடுவே, மூங்கில் பாயில், காய்ச்சலில் போன அவள் புருஷன் சுடலை. செத்து மூன்றாம் நாள்.

1953, ஆவணி மாதத்து நண்பகல். கஞ்சிக்கோட்டுக்கு அப்பால், மலையடிவாரத்துக் காட்டிலாகா ஆபீஸ். நாற்றம் அர்த்தநாரியின் மைக்கூட்டுக்குள்ளும் இறங்கியிருந்தது.

"எங்க சனம் பூராவும் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கந்தானுங்க கெடக்குது, சாமி. இவரையும் அங்கயே பொதைக்க உடுங்க."

ரேஞ்சர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். "கல்லை நட்ட வெள்ளைக்காரன் கப்பலேறிட்டான். சட்டம் ஏறலை. ரிசர்வ் காட்டு மண்ணை ஒரு பிடி தோண்டினாலும் கேசு. மேலாபீசுக்கு எழுதும்யா, அர்த்தநாரி."

பிணத்துக்கென்று அச்சடித்த பாரம் கிடையாது. பாரம் இல்லாமல் எழுதிப் பழகாத அர்த்தநாரி, மரத்துக்கான பாரத்தை எடுத்தார். வகை, நீளம், சுற்றளவு. அளவு நாடாவைப் பிணத்தின் மேல் நீட்டினார். ஐந்தரை அடி.

"முத்திரை குத்தாம உருப்படி நகரக்கூடாதே, கிளார்க் சார்," என்று இளித்தான் பரீது. ரேஞ்சரும் சிரித்துத் தலையசைத்தார். மரத்தில் முத்திரை அடிக்கும் இலாகாச் சுத்தியலால் பரீது பிணத்தின் உள்ளங்காலில் ஓங்கி ஒன்று வைத்தான்.

சதையில் விழுந்த சத்தமாக இல்லை. பச்சை மரத்தில் விழுந்தது போலிருந்தது.

அர்த்தநாரி நாடாவைச் சுருட்டி வைக்கப் போனார். இருந்தாலும் வழக்கப்படி இரண்டாம் முறை அளந்தார்.

ஆறடி.

மறுபடி.

ஆறே கால்.

கால்விரல்களிலிருந்து வெள்ளையாக எவையோ நீண்டன. புழுக்கள் என்றே நினைத்தார். புழுவானால் நெளியும். இவை தரையோட்டின் இடுக்கைத் தேடி, நிதானமாக உள்ளே இறங்கின.

வேர்கள்.

"தூக்குடா வெளியே!" என்று கத்தினார் ரேஞ்சர்.

பரீது தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

"வெட்டு!" பரீது மூலையில் கிடந்த கோடரியை எடுத்து ஓங்கினான்.

"பச்சை மரத்தை வெட்டுனா கேசு இல்லீங்களா, சாமி?" என்றாள் வேலுத்தாய்.

தூக்கிய கோடரி தாழ்ந்தது.

அவள் எழுந்து சேலையை உதறினாள். "அவருக்கு மண்ணு கெடைச்சிருச்சுங்க. உங்க பதில் வந்தா அவருகிட்டயே படிச்சுக் காட்டுங்க."

போய்விட்டாள்.

அர்த்தநாரி எழுதினார்: 'மேற்படி உருப்படியை அப்புறப்படுத்த இயலவில்லை. ஆபீசை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவு வேண்டும்.' ரேஞ்சர் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். கடிதத்தை மடித்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்ததும், பரீது அதைப் பறித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். திரும்பியே பார்க்கவில்லை.

அர்த்தநாரி வாசலைத் தாண்டி நின்று கூப்பிட்டார். "சார், வந்துருங்க."

ரேஞ்சர் எழவில்லை. வெள்ளையாக என்னவோ சுற்றியிருந்த தன் பூட்ஸையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.