ஒண்ணுமில்லம்மா

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் எழுந்ததும் எல்லாரும் பல் தேய்ப்பார்கள். பிறகு சுவரில் கை வைத்து, இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்போம் என்று கேட்டுக்கொள்வார்கள். நுரையீரலில் எவ்வளவு செந்தூசி படிந்திருக்கிறது என்பதை உள்ளங்கை வழியாகவே அறிந்து, மருத்துவச்சுவர் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். நோயாளியிடம் உண்மையை மறைப்பது குற்றம் என்று நம்பும் தேசத்தார் செய்த சுவர் அது.

அல்லியின் கணவர் பொழிலனிடம் அது "தொண்ணூறு" என்றது. மனிதர் அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. பத்தாம் நாளே போய்விட்டார். தூசி கொல்லவில்லை, எண்தான் கொன்றது என்பது அல்லியின் தீர்மானம்.

இயந்திரங்களுக்குக் குணம் எழுதுவதுதான் அவள் வேலை. அதற்குப் பண்பேடு என்று பெயர். எந்த மக்களின் பேச்சை ஊட்டுகிறோமோ அவர்கள் குணம் இயந்திரத்துக்கு வந்துவிடும். கேட்கக் கேட்க இன்னும் வளரும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உறவுக்காரர்கள் தணிந்த குரலில் பேசியதையெல்லாம் திரட்டி ஊட்டினாள். சுவர் மாறியது. உறவு, அக்கம்பக்கம் என்று வேண்டியவர்களிடம் உண்மையைச் சொன்னது, நோயாளிக்குத் தைரியம் சொன்னது. தமிழர் குடியிருப்பில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை.

துருவக் குடியிருப்பில் அவள் மகள் மகிழினிக்கு இது நிறைமாதம். அங்கே போகும் கடைசி வண்டி இன்று. அப்புறம் புழுதிப்புயல், நாற்பது நாள் பாதை கிடையாது. அல்லிக்கோ ஒரு வாரமாக இருமல் வேறு. பையைக் கட்டி வைத்துவிட்டுச் சுவரில் கை வைத்தாள்.

"நாற்பது நாள் தாங்குவேனா? இல்லேன்னா இன்னிக்கே கிளம்பிடறேன்."

"ஒண்ணுமில்லம்மா, வெறும் சளி. பேரனுக்குக் காதுகுத்தே நீங்கதான் முன்ன நின்னு நடத்துவீங்க. இந்த உடம்போட எதுக்கு அலையறீங்க? புயல் அடங்கட்டும்."

எழுதியவளே அவள்தான். ஆனாலும் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! பையைப் பிரித்தாள். வண்டி போய்விட்டது.

மதியம் பக்கத்து வீட்டு ரோசலின் கத்தரிக்காய்க் குழம்போடு வந்தாள். தண்ணீர் முறையில் சண்டை போட்டு, இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"சும்மாதாங்க்கா. சூடா சாப்பிடுங்க" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அல்லி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். எழுந்து போய்ச் சுவரின் உட்பதிவைத் திறந்தாள்.

'எண்: பதினொன்று. மகளிடம் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று. நோயாளியிடம்: ஒன்றுமில்லை.'

மகளைத் திரையில் அழைத்தாள். "வா" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி என்று கேட்க வாயெடுத்தாள். மகிழினியின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஏண்டி, அழுதியா?"

"தூக்கமில்லம்மா, வேற ஒண்ணுமில்ல. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

நிறைமாதக்காரி. தனக்கும் தெரிந்துவிட்டது என்று இந்த நேரத்தில் அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன். புயல் அடங்கினதும் வந்து நிக்கிறேன் பாரு."

"வாங்கம்மா" என்று மகள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

சுவரோரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. இருவர் பேச்சையும் அது பண்பேட்டில் சேர்த்துக்கொண்டிருந்தது.