வெறும் வயிற்றில் ஒரு கரண்டி

"ஐயோ! என்ர தம்பிக்கு நஞ்சு வைச்சிட்டாளே!"

ஜெர்மனியின் ஹம் நகர ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவே அதிர்ந்தது.

அலறியவள் பேர்பெச்சுவா. உள்ளே இரத்தம் ஏறிக்கொண்டிருந்த யாகோப்பின் அக்கா.

அவள் விரல் நீட்டிய இடத்தில் யாகோப்பின் மனைவி எவ்லின். சட்டை முழுக்க புருஷன் வாந்தியெடுத்த இரத்தம்!

பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். பேர்பெச்சுவா போன் போட்டு வரவழைத்த புண்ணியவான்.

எவ்லினுக்கு அழக்கூட நேரமில்லை. புருஷன் போனால் விதவை... பிழைத்தாலும் ஜெயில்!

"வாயை மூடுங்கோ மச்சாள்!"

"ஏன் மூடோணும்? நேற்றுவரைக்கும் ஓடித் திரிஞ்சவன்!"

கதவு திறந்தது. டாக்டர் மிதுசா. ஜெர்மனியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"வயித்தில புண் வெடிச்சு ரத்தம் போயிருக்கு. நிப்பாட்டியிருக்கிறம். நோக்குளிசை, வலி மாத்திரை ஏதும் போட்டவரோ?"

"இல்லை டொக்டர்! முந்தியும் அல்சர் வந்தது. அதுகளைத் தொடக்கூடாதெண்டு சொன்னவை. வீட்டில கிடந்ததெல்லாத்தையும் நானே எறிஞ்சனான்!"

"ரத்தத்தில இருக்கே... அதுவும் கனக்க."

"கேட்டீங்களோ?" பேர்பெச்சுவா துள்ளினாள். "இவள்தான் அரைச்சுக் குடுத்திருக்கிறாள்!"

எவ்லின் திடுக்கிட்டாள்.

அரைத்தா? அரைத்ததாக யார் சொன்னது?

"டொக்டர்... தவக்காலமெண்டு மனுசன் மத்தியானம் வரைக்கும் பச்சைத்தண்ணியும் குடிக்கிறேல்லை. மூட்டு நோவுக்கெண்டு மச்சாள் தந்த பொடி மட்டும் ஒவ்வொரு நாளும் காலமை ஒரு கரண்டி. வெறும் வயித்தில!"

"அது சுத்தமான ஊர் மூலிகை! டோர்ட்மண்ட் கோயிலடியில நான் விக்க, சனம் அடிபட்டு வாங்குது!"

எவ்லின் பாய்ந்தாள். பேர்பெச்சுவாவின் கைப்பையிலிருந்து ஒரு பொடிப் பைக்கற்றை உருவி நீட்டினாள்.

"அப்ப நீங்களும் ஒரு வாய் போடுங்கோ. இந்தப் பொலிசுக்கு முன்னால!"

"எனக்கு ஏலாது!"

"ஏன்?"

"எனக்கும் அல்சர்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"மூலிகைதானே அன்ரி..." மிதுசாவின் குரல் கத்தியாக இறங்கியது. "அல்சரை அது என்ன செய்யும்?"

பேர்பெச்சுவா கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மிதுசா பொலிஸ்காரரிடம் நடந்ததை ஜெர்மனில் சொன்னாள். அவர் கைப்பையை மேசையில் கவிழ்த்தார். பொடிப் பைக்கற்றுகள்... அவற்றோடு நோக்குளிசை பிதுக்கிய வெற்று அட்டைகள்!

"நோ நிண்டால்தானே சனம் திரும்பி வரும்..." பேர்பெச்சுவா முனகினாள். "கொஞ்சம்தான் கலந்தனான். இப்பிடி ஆகுமெண்டு எனக்கென்ன தெரியும்?"

"உங்கட வயித்துக்குத் தெரிஞ்சிருக்கே! அவரும் உங்கட ரத்தம்தானே... பாவி!"

எவ்லினுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பொலிஸ்காரர் பேர்பெச்சுவாவின் கையைப் பிடித்தார். அவள் நெற்றியைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, தலையிடிக்குது... ஆராவது ஒரு குளிசை தாங்கோவன்!"

எவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குளிசை ஏன் மச்சாள்? பொடி இருக்கு... கரைச்சுத் தரட்டே?"