பலகையில் மூன்று சொல்

போன் அதிர்ந்தது.

அதிரக் கூடாத நேரம்... அதிரக் கூடாத இடம்!

தோர்ன்பரோ பந்தயப் பாதை. ஐம்பது சுற்றில் முப்பத்தொன்றாவது சுற்று. பாதைக்கும் காரேஜுக்கும் நடுவிலுள்ள பிட் சுவர் ஓரம் உயரமான நாற்காலியில், தூறலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள் ஹெஸ்டர் பிக்ஃபோர்ட். அவளுடைய கார் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுவது அவள் இல்லை. ஃபின். வயது இருபத்துமூன்று. ஆனால் அந்தக் காருக்கு ரேஸ் இன்ஜினியர் ஹெஸ்டர்தான். எப்போது டயர் மாற்ற உள்ளே வரவேண்டும், எப்போது அடக்கி ஓட்டவேண்டும்... எல்லாம் அவள் சொல்வாள். ஓட்டுகிறவன் காதில் ஒரே ஒரு குரல்தான் பேசலாம் என்பது இந்தத் தொழிலின் சட்டம்.

ஃபின் காதில் அது ஹெஸ்டரின் குரல்.

டயருக்குக் காற்றடிக்கும் வேலையில் சேர்ந்து இந்த நாற்காலிக்கு வரப் பதினான்கு வருஷம் ஆனது. 'பொம்பளை பேச்சைக் கேட்டுத் திரும்பினா சுவத்துலதான் போய் நிக்கணும்' என்று அவள் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் இப்போது அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நானும் இந்தப் பாதைகளில் இருபது வருஷம் சத்தத்தில் காதைக் கெடுத்துக்கொண்டவன். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முந்தின நாள்தான் கண் ஆபரேஷன். அதனால்தான் ஹெஸ்டர் போனை அணைக்கவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா?"

"அம்மா இல்ல." தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். "கட் பண்ணாத ஹெஸ்டர். கட் பண்ணினா ஃபின் செத்தான்."

"யார் நீ?"

"அது எதுக்கு உனக்கு? அவன் கார்ல பிரேக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு சின்னப் பொருள் வச்சிருக்கேன். அதோட பட்டன் என் கையில. அமுக்கினா அவனுக்கு பிரேக் கிடையாது. புரியுதா?"



"உனக்கு... என்ன வேணும்?"

"ரொம்பச் சின்ன விஷயம். அவனை உள்ள கூப்பிடாத. டயர் மாத்தாத. கடைசி வரைக்கும் அதே டயர்ல ஓடட்டும். ரேடியோவுல அவனுக்கு ஜாடை காட்டினாலோ, போலீஸ்கிட்டப் போனாலோ... மேட்டுப் பாதை முடியற இடத்துல கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல? அங்க அமுக்குவேன். லைன்லயே இரு."

கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் சுவர். முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் இல்லாமல் அங்கே போகிறவனைக் கொண்டுவர ஸ்ட்ரெச்சர் தேவைப்படாது. வாளி போதும்.

  

ரேடியோவில் ஃபின் கூப்பிட்டான்.

"ஹெஸ்டர், பின் டயர் ரெண்டும் செத்துப்போச்சு. சோப்பு மேல ஓட்டற மாதிரி இருக்கு. உள்ள வரவா?"

"வேணாம் ஃபின். வெளியவே இரு."

"என்னது? இந்தச் சுத்துலதானே வரணும்னு பேசி வச்சோம்?"

"வெளியவே இரு."

பின்னாலிருந்து டூகல் கத்தினார். தலைமை மெக்கானிக். ஸ்காட்லாந்துக்காரர். நூற்றுப்பத்து கிலோ உடம்பு, கையில் பாதி தின்ற பேக்கன் ரொட்டி.

"தாயே, நாங்க டயரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். அவனைக் கூப்பிடறியா, இல்ல டயருக்குப் பேர் வச்சு வளர்க்கட்டுமா?"

ஹெஸ்டர் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

போனில் அந்த டப்பாக் குரல் சிரித்தது. "சோப்பு மேல ஓட்டறானாம். பாவம்."

ஹெஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அரை நிமிஷம் போனது.

எதிரே இருந்த டிவியில் ஃபின்னின் குரல் வந்தது. "...சோப்பு மேல ஓட்டற மாதிரி இருக்கு. உள்ள வரவா?"

ஹெஸ்டர் டிவியை நிமிர்ந்து பார்த்தாள்.

ஓட்டுகிறவர்களின் ரேடியோப் பேச்சை டிவிக்காரர்கள் உடனே விடமாட்டார்கள். கெட்ட வார்த்தைகளை வெட்டிவிட்டு, அரை நிமிஷம் கழித்துத்தான் விடுவார்கள். டிவியில் வருவதற்கு முன்பே இவன் எப்படிக் கேட்டான்?

டீம் ஹெட்போனில் கேட்டான்.

வெளியாள் இல்லை... நம்மாள்!

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். காரேஜ் வாசலில் பதினோரு பேர். பதினோரு தலையிலும் ஹெட்போன். ஒருவன் கையிலும் போன் இல்லை.

இரண்டாவதாக ஓடும் கார் பிட் சுவரை உரசுவது போலப் பறந்தது. நாற்காலி அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. ஆனால் போனில், அவன் பக்கத்திலிருந்து, ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

டீம் ரேடியோவும் கேட்கவேண்டும், இந்தச் சத்தமும் கேட்கக் கூடாது... அப்படி ஓர் இடம்தான் இருக்கிறது. காரேஜுக்குப் பின்னால் நிற்கும் டேட்டா லாரி. சத்தம் புகாத சுவர். ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரே ஆள்.

ரூபர்ட்.

காரிலிருந்து வரும் எண்களை உட்கார்ந்து பார்ப்பவன். ஹெஸ்டரின் நாற்காலியை இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் கிடைக்காமல் போனவன். முப்பதாவது சுற்றுக்குப் பிறகு இன்டர்காமில் அவன் குரலே வரவில்லை.

'ரூபர்ட்டா? போன மாசம் என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினவனா?'

ஆளை அனுப்பிப் பிடிக்கலாம். கதவை உடைப்பதற்குள் பட்டனை அமுக்கிவிட்டால்? முதலில் ஃபின் நிற்கவேண்டும். பிரேக்கைத் தொடாமல் நிற்கவேண்டும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? ரேடியோவில் மூச்சு விட்டாலும் ரூபர்ட்டுக்குக் கேட்கும்.

பலகை!

சுற்றுக்கு ஒருமுறை சுவருக்கு மேலே நீட்டிக் காட்டுவார்களே, எழுத்து மாட்டிய கறுப்புப் பலகை... ரேடியோ வந்த பிறகும் அந்தப் பழைய வழக்கம் போகவில்லை. பயிற்சியின் முதல் நாளே ஃபின்னிடம் ஹெஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தாள். "ரேடியோ ஒண்ணு சொல்லி, பலகை வேற சொன்னா, பலகையை நம்பு. ரேடியோவை ஊரே கேக்கும்."

ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி டூகலிடம் நீட்டினாள்.

'மிரட்டல். ஃபின் காரில் பிரேக் ஆபத்து. லாரியில் ரூபர்ட். பேசாதே. பலகையில் எழுது: பிரேக் தொடாதே. நில். ஃபின் வேகம் குறைந்ததும் லாரிக் கதவை உடை.'

டூகல் படித்தார். ரொட்டி கீழே விழுந்தது. அந்த வாய் மூடிப் பார்த்தது அன்றுதான். பலகையில் எழுத்துகளை மாட்டி, சுவரோரம் நின்றவனிடம் கொடுத்துவிட்டு லாரியைப் பார்த்து நடந்தார்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

"பயமா இருக்கு," என்றாள் ஹெஸ்டர். அது பொய் இல்லை.

"இருக்கட்டும். அவன்கிட்ட இன்னொரு தடவை சொல்லு."

ஃபின்னின் கார் கடைசி வளைவில் தெரிந்தது. அவனுக்கு முன்னால் கொண்டை ஊசிக்குப் பதினான்கு நொடிதான் இருந்தது.

பலகை சுவருக்கு மேலே நீண்டது.

'டிவி கேமரா இந்தப் பக்கம் திரும்பினா ரூபர்ட் பாத்துடுவான்... கடவுளே!'

ரேடியோ பட்டனை அழுத்தினாள். "ஃபின், வெளியவே இரு. வேகம் குறைக்காத."

வாய் ஒன்று சொன்னது. பலகை வேறு சொன்னது.

சர்ரென்று கடந்து போய்விட்டான். பார்த்தானா? தூறலில் எழுத்து தெரிந்ததா?



ஹெஸ்டரின் திரையில் அவன் வேகம் ஓடியது. 280... 290... 295...

'பாக்கலையா? ஐயோ, பாக்கலையா?'

295... 260... 210!

பார்த்துவிட்டான். கியரை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். பிரேக் கட்டத்தில் பூஜ்யம்.

"ஏய்..." டப்பாக் குரல் பதறியது. "ஏன் வேகம் குறையுது? என்ன பண்ணின? அமுக்கப் போறேன்!"

"அமுக்கு," என்றாள் ஹெஸ்டர்.

போனில் கதவு உடையும் சத்தம். பிறகு டூகலின் குரல். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்.

120... 60... வளைவுக்கு முன்பே இடதுபக்கச் சரளைக் குழியில் இறங்கி, கார் புதைந்து நின்றது.

0.

"நின்னுட்டேன்," என்றான் ஃபின். "முதல் இடத்துல இருந்தோம். ஏன்னு யாராவது சொல்றீங்களா?"

ஹெஸ்டர் அழுதுகொண்டிருந்தாள்.

அவள் லாரிக்கு ஓடிவந்தபோது ரூபர்ட் தரையில் கிடந்தான். அவன் முதுகில் டூகல் உட்கார்ந்திருந்தார்.

"பட்டன் எங்கடா?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

ரூபர்ட் சிரித்தான். "ஏது பட்டன்? காரை நான் தொடக்கூட இல்ல. அதே டயர்ல ஓடவிட்டு நீ ரேஸைத் தோத்திருப்ப. யாரோ மிரட்டினான்னு அழுதா எவன் நம்புவான்? திங்கக்கிழமை அந்த நாற்காலி எனக்கு. இப்ப என்ன? ஜெயிச்சுக்கிட்டிருந்த நல்ல காரைக் கொண்டுபோய் மண்ணுல நட்டுட்ட. நான் ஜெயிலுக்குப் போறேன். நீ வீட்டுக்குப் போ."

ஹெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருஷம்... வெறும் பேச்சுக்குப் பயந்து, தன் கையாலேயே...

இன்டர்காமில் மறுபடி ஃபின். இந்தத் தடவை அவன் குரல் நடுங்கியது.

"ஹெஸ்டர்... இறங்கிப் பாத்தேன். இடது முன் சக்கரத்துல பிரேக் தட்டு செக்கச்செவேல்னு எரியுது. நடுவுல பிளந்திருக்கு. இன்னொரு தடவை மிதிச்சிருந்தா சிதறியிருக்கும். இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"



ஹெஸ்டர் நிமிர்ந்து ரூபர்ட்டின் திரையைப் பார்த்தாள். இடது முன் பிரேக் சூடு... சிவப்புக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றாவது சுற்றிலிருந்து. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன், முப்பத்தொன்றாவது சுற்றிலிருந்து போனில் இருந்தான்.

ரூபர்ட்டின் சிரிப்பு நின்றுவிட்டது.

போலீஸ் வந்து விலங்கு மாட்டியபோது ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"ஆறு வருஷமா நீ எனக்குக் குடுத்த பிரேக் ரிப்போர்ட்லயே, சரியான நேரத்துக்கு வந்தது இது ஒண்ணுதான், ரூபர்ட்."