இரண்டு பக்கமும் முகம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத்தான் போலியோ வார்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். மூக்குக்கு மேல் துணியைக் கட்டிக்கொண்டு மார்த்தா உள்ளே வந்தாள். பிள்ளைகளின் கை கால்களில் சுற்றியிருந்த, வெந்நீரில் ஊறிய கம்பளியின் வாடை துணியையும் மீறி அடித்தது. வெளியே ஓஹையோவின் ஆகஸ்ட் வெயில் கொளுத்தியது. உள்ளே மங்கலாகவே இருந்தது.

அவள் மகன் எமில், பத்து வயது, மல்லாந்து கிடந்தான். போன வாரம் கால்கள் போயின. வியாழக்கிழமை கைகள்.

"அம்மா, லென்னி விளையாடக் கூப்பிடுறான்."

லென்னி பக்கத்து வீட்டுப் பையன். பத்து நாட்களுக்கு முன் இதே கட்டிலில்தான் இறந்துபோனான். எமிலிடம் அதை யாரும் சொல்லவில்லை.

"பேசாம படுத்துக்கோ, கண்ணு."

"முதல்ல என் காலைக் கேட்டான். தோத்தேன். அப்புறம் கை. இப்ப மூச்சைக் கேக்குறான்."

பட்.

கட்டிலுக்கு அடியில் ஏதோ சுவரில் மோதி விழுந்தது. மார்த்தா குனிந்தாள். சூயிங்கத்தோடு வருகிற பேஸ்பால் அட்டை ஒன்று தரையில் கிடந்தது. வீரனின் படம் கீழே, எழுத்துள்ள முதுகு மேலே.

அங்கே யாருமில்லை.

தெருப் பிள்ளைகள் நாள் முழுக்க ஆடுகிற ஆட்டம்தான். ஒருவன் வீசிய அட்டை எப்படி விழுந்ததோ, அடுத்தவனுடையதும் அப்படியே விழ வேண்டும். இல்லாவிட்டால் வைத்த பந்தயம் போச்சு.

"எப்படிம்மா விழுந்திருக்கு?"

"முதுகு மேல."

எமிலின் உதடு வெளுத்தது. "நீ போடும்மா. தலையணைக்குக் கீழ ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு."

எடுத்தாள். படம். திருப்பினாள்.

அங்கேயும் படம்.

இரண்டு அட்டைகளை முதுகோடு முதுகு வைத்து ஒட்டியிருந்தான்.

"என்னடா இது?"

"அவனுக்குப் படம் மேல விழுறப்பல்லாம் இதைத்தான் வீசுவேன். அவங்கிட்ட இருந்ததெல்லாம் வாங்கிட்டேன். அவனுக்கு ஜுரம் வர்றதுக்கு முந்தின நாள் அழுதுகிட்டே போனான்மா."

மார்த்தா நகத்தால் ஓரத்தைப் பிரிக்கப் பார்த்தாள். பசை விடவில்லை. மூலைதான் கிழிந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"போடுங்க ஆன்ட்டி. போடலைன்னாலும் எனக்குத்தான்."

வீசினாள். அட்டை சுவரில் தட்டி, விளிம்பில் நின்று, கொஞ்சம் ஆடி, விழுந்தது.

படம்.

எமிலின் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

மறுபடி ஏறவில்லை.

அவள் போட்ட கூச்சலில் நர்ஸுகள் ஓடிவந்தார்கள். மூச்சு இயந்திரத்தை உருட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. கட்டிலோடு அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டில் இருந்த இடத்தில் வெறும் தரை. ஓர் அட்டைகூட இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமி பெவர்லி அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அவங்க ரெண்டு பேரும் கேக்குறாங்க."

"என்ன?"

"உங்க வீட்டுல ரோசலின்னு ஒரு குட்டிப் பாப்பா இருக்காமே. அவளுக்கு இந்த ஆட்டம் தெரியுமான்னு."