மேட்டில் நின்ற புள்ளி

இடப்பக்கம் ஓடையை நோக்கி இறங்கிப் போன மனுஷன், கருவியின் திரையில் வலப்பக்க மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேல்சட்டையின் நனையாத உட்புறத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ரப்பர் உறை போட்ட அந்த ஜி.பி.எஸ். கருவியில் இரண்டு புள்ளிகள். நீலம் அவள். பச்சை அவள் கணவர். பச்சைப் புள்ளி அசையவில்லை. அவளுக்கு மேலே, மரங்களுக்குள், யாரோ பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் ஒரே இடத்தில் நின்றது.

"இதுக்குத்தான் இத்தனை அலட்டலா" என்று வாய்விட்டே சொன்னாள்.

மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு. அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர். அங்கே அவர் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது. வீட்டில் அவள் ஒருத்திதான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாட்டிலைட்டைப் பற்றி வகுப்பு எடுத்தார். போன் மழையில் செத்துவிடுமாம், டவர் இல்லையென்றால் செங்கல்லுக்குச் சமமாம், இந்தக் கருவியோ நாள் கணக்கில் உழைக்குமாம். அதுவும் ஒன்று போதாது, ஜோடியாக வாங்கினால்தான் ஒருவர் இருக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியுமாம், பேசவும் பேசலாமாம். மருத்துவமனையில் மருந்தாளுநராக நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற அவள், தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "பக்கத்துத் தெருவுக்கே வழி கேட்டுட்டுப் போற ஆளுக்குக் காட்டுக்குள்ள என்னங்க வேலை?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த மலை.

திரும்பி வரும்போது பாதை பிரிந்த இடத்தில் சண்டை வந்தது. கருவி ஓடையைத் தாண்டிக் குறுக்கே இறங்கச் சொன்னது. அவள் போனில் இறக்கி வைத்திருந்த மேப், சரிவை ஒட்டி அகலமான வண்டிப் பாதை ஒன்றைக் காட்டியது. "யாரு முதல்ல காருக்குப் போறாங்கன்னு பாத்துடலாமா?" என்றாள் அவள். அவர் முகம் சுண்டிப் போனது. இரண்டாவது கருவியை அவள் பையில் திணித்து, "தொலைஞ்சு போனா இதுல கூப்பிடு. பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினா பேசலாம், விட்டாத்தான் கேக்கும். அதையாவது ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பின்பக்கம் சேறு அப்பிய கால்சட்டையோடு அவர் போன அழகைப் பார்த்து அவள் சத்தமாகவே சிரித்தாள். அவர் காதில் விழட்டும் என்றுதான் சிரித்தாள்.

அகலமான வண்டிப் பாதை நூறடிகூடப் போகவில்லை. விழுந்த மரங்களுக்கு நடுவில் அப்படியே மறைந்துபோனது. அதன்பிறகு மூடுபனி இறங்கியது. வரிசையாக நட்டு வளர்த்த ஊசியிலை மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிய, அதற்கு மேல் எல்லாவற்றையும் யாரோ ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்ததுபோல் இருந்தது. கிளைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் எட்டுத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வந்தது. மட்கிய இலையின் வாடையோடு, மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல் ஒரு சேற்று வாடை அவ்வப்போது வந்து போனது. போனின் மேப்பில் அவளுடைய புள்ளி ஒரு கணம் இங்கே, ஒரு கணம் ஓடைக்கு அந்தப் பக்கம் என்று குதித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல்தான் கருவியை வெளியே எடுத்தாள்.

கையிலேயே அது கரகரத்தது.

"எங்க இருக்க?"

அவர் குரல்தான். அவளுக்கு முதலில் நிம்மதி, உடனே எரிச்சல். பட்டனை அழுத்தினாள். "நீங்க எங்க இருக்கீங்க? கீழ போனவரு மேல எப்படி வந்தீங்க?"

"சொன்னேன்ல? உன் போன நம்பினா இப்படித்தான். மேல வா."

வழி தவறிச் சுற்றியிருக்கிறார். ஓடை பக்கம் போனவர் எங்கேயோ திரும்பி, முன்னோடிபோல் மேட்டில் ஏறி நிற்கிறார். ஒத்துக்கொள்வாரா? உயிரே போனாலும் மாட்டார். காரைத் தப்பான திசையில் அரை நாள் ஓட்டிவிட்டு, இந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கும் என்றுதான் வந்தேன் என்று சொன்ன ஆள்.

"கார் கீழ இருக்கு. நான் எதுக்குங்க மேல வரணும்?" பட்டனை அழுத்தியபடியே கேட்டாள். "நீங்க வழி தவறிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், நானே வந்து கூட்டிட்டு—"

"சொன்னேன்ல? மேல வா."

அவள் கட்டைவிரலைப் பார்த்தாள். அது இன்னும் பட்டன் மேல்தான் இருந்தது. அழுத்தியபடிதான். விட்டால்தான் கேட்கும் என்று அவர்தானே சொன்னார்? விரலை எடுத்தாள். பிறகு உதட்டைச் சுழித்துக்கொண்டாள். வீட்டிலேயே அவளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட்டதில்லை. வாங்கிய கருவியும் அவரைப் போலவே இருக்கிறது.

ஏறத் தொடங்கினாள். சரிவு செங்குத்தாக இல்லை, ஆனால் இலைக்குவியலுக்குள் கால் புதைந்தது. கருவியின் திரையில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துகொண்டே வந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அது கரகரத்து, "மேல வா" என்றது. ஒவ்வொரு முறையும் ஒரே சுருதி. மூச்சு வாங்கல் இல்லை. பின்னால் நீர் சொட்டும் சத்தம் இல்லை. இந்தக் காட்டில் எங்கே நின்றாலும் கேட்கிற சத்தம், அவர் நிற்கிற இடத்தில் மட்டும் கேட்கவில்லை. ஏதாவது குகை மாதிரி இடத்தில் பனிக்கு ஒதுங்கி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள்.

அப்போது பையில் போன் அதிர்ந்தது.

திரையில் கணவரின் பெயர். உயரம் ஏறியதில் சிக்னல் ஒரு கோடு வந்திருந்தது. பச்சை வட்டத்தை இழுத்தாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. மறுபடி இழுத்தாள். நின்றுபோனது. விரலைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்து, போனை வயிற்றில் தேய்த்துக் காய வைப்பதற்குள் மறுபடி அழைப்பு.

"அம்மாடி, எங்கம்மா இருக்க? நான் கார்கிட்ட வந்து ரொம்ப நேரம் ஆச்சு. எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?"

அவள் கருவியின் திரையைப் பார்த்தாள்; பச்சைப் புள்ளி மேட்டில்தான் நின்றது.

"மன்னிச்சிரும்மா. உன்னைத் தனியா விட்டிருக்கக் கூடாது. எல்லாம் என் வீம்பு. நீ இருக்கிற இடத்துலயே நில்லு, நான் ஆளக் கூட்டிட்டு—" குரல் உடைந்தது. அழுதுகொண்டிருந்தார். போன் துண்டித்துக்கொண்டது.

அவளுடைய இடது கையில் கருவி கரகரத்தது.

"யார்கூடப் பேசிட்டிருக்க?"

இரண்டும் அவர் குரல். ஒரு காதில் சூடாக, ஒரு காதில் குளிர்ச்சியாக. இரண்டில் ஒன்று அவர் இல்லை. அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. எப்படி என்று யோசிக்கவே அவள் மனது கூசியது. எது அவர் என்று மட்டும் யோசித்தது.

கீழேயிருந்து, வெகு தூரத்தில், கார் ஹாரன் ஒன்று விட்டு விட்டு அழைத்தது.

"அது நம்ம வண்டி இல்ல" என்றது கருவி.

அவள் பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். அவளுடைய தம்பியின் கல்யாணத்துக்குத் தேதியைத் தப்பாக நினைத்து ஒரு நாள் தாமதமாகக் கூட்டிப் போனபோது மன்னிப்புக் கேட்டாரா? கருச்சிதைவாகி அவள் படுத்திருந்தபோது ஆபீஸ் விருந்துக்குப் போய்விட்டு வந்தாரே, அன்று? கேட்டதே இல்லை. அம்மாடி என்று அழைத்ததில்லை. அழுததில்லை. போனில் பேசியது எதுவோ, அதற்கு அவரைத் தெரியவில்லை. நல்ல புருஷன் எப்படிப் பேசுவான் என்று எங்கோ கேட்டு வைத்துக்கொண்டு பேசுகிறது. ஆனால் இந்தக் கருவிக்குள் இருக்கிற மேதாவித்தனம், இந்தக் கட்டளை, இந்த இளக்காரம்... இதை யாராலும் போலி செய்ய முடியாது. இதோடுதானே அவள் குடும்பம் நடத்தினாள்.

பயத்தின் நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்காததை வைத்துத்தான் புருஷனை அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

"வரேன்" என்றாள் கருவியிடம். "எங்கயும் நகராதீங்க."

"நகரல."

வேகமாக ஏறினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மர வரிசைகள் நெருங்கின. சேற்று வாடை இப்போது வந்து போகவில்லை; விடாமல் அடித்தது. ஓடை எங்கோ கீழே இருக்க, மேட்டின் மேல் எப்படி இந்த வாடை? இலைக்குவியலில் யாரோ எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல் ஒரு நீண்ட ஈரத் தடம் கிடந்தது. அதன் ஓரமாகவே நடந்தாள். ஹாரன் இன்னும் அழைத்தது. தூரம் முப்பது மீட்டர். இருபது.

போன் அதிர்ந்தது. இந்த முறை விரல் மசிந்தது.

"யாருடா நீ?" என்று கத்தினாள். "என் வீட்டுக்காரர் எனக்கு எதிர்லதான் இருக்காரு. ஜி.பி.எஸ்ல பேசிட்டுத்தான் இருக்காரு!"

எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, தயங்கித் தயங்கி:

"அது... அது என்கிட்ட இல்ல."

"என்ன?"

"ஓடையில இறங்கும்போதே வழுக்கி விழுந்துட்டேன். கையிலேர்ந்து போயிடுச்சு, தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சு. போன்லதான் வழி பாத்து வந்தேன்." மூக்கை உறிஞ்சினார். "உன்கிட்ட சொன்னா சிரிப்பியேன்னுதான் சொல்லல. மூணு வாரமா அவ்வளவு பேசிட்டு... எப்படிச் சொல்றது?"

அதுதான் அவர்.

காட்டில் மனைவியைத் தொலைத்துவிட்டு, ஆள் தேடி அழுதுகொண்டு நிற்கும்போதும், தோற்றதை மட்டும் கடைசிவரை ஒளித்து வைத்திருந்த அந்த அற்பத்தனம். அவள் எவ்வளவு நன்றாக அறிந்தது அது. மன்னிப்புக் கேட்டதும் அவர்தான். அழுததும் அவர்தான். பயந்துபோனால் அவர் இப்படியும் பேசுவார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இதுவரை சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

"ஏங்க" என்றாள். "ஏங்க, அப்ப இங்க—"

போன் துண்டித்துக்கொண்டது.

கருவியின் திரையில் நீலப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

நீர் சொட்டும் சத்தம் நின்றிருந்தது. எல்லாத் திசையிலும். ஹாரனும்.

சுற்றிலும் பார்த்தாள். மரங்கள். மரங்களுக்கு நடுவில் பனி. யாரும் இல்லை. முன்னால் யாரும் இல்லை. பின்னால் இல்லை. அவள் மூச்சு மட்டும். பிறகு, அவள் மூச்சு மட்டும் இல்லை.

மேலே பார்த்தாள்.

முதல் கிளைக்கும் மேலே, இரண்டு ஆள் உயரத்தில், பனிக்குள் ஒரு வெளிச்சம். திரையின் வெளிச்சம் வெள்ளையாக இருக்க வேண்டும். இது சிவப்பு. எரிகிற டார்ச்சை உள்ளங்கையால் பொத்தினால் தெரியுமே, அந்தச் சிவப்பு. சதைக்குப் பின்னாலிருந்து வருகிற சிவப்பு.

அது இறங்கியது.

மெதுவாக. அவசரமே இல்லாமல். சின்னப் பிள்ளையிடம் பேசப் பெரியவர்கள் குனிவதுபோல். இரண்டு ஆள் உயரம். ஒன்றரை. அவள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில். சேற்று நீர் அவள் நெற்றியில் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

பிறகு அந்தச் சிவப்பின் நடுவே குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கோடு பிளந்தது. அகலமாக, இன்னும் அகலமாக. உள்ளே பற்களுக்குப் பின்னால், நாக்கின் மேல் நனைந்து கிடந்த அவருடைய கருவியின் திரையிலிருந்து, வெள்ளை வெளிச்சம் அவள் முகம் முழுக்க விழுந்தது.