உண்மை ஜன்னலில் ஐந்து விரல்கள்!

"வீ...ல்!"

அலறியது, பசுமைச் சான்றிதழ் கொடுக்க வந்த அதிகாரி அம்மாள்.

இடம், நாளை மறுநாள் திறக்கவிருந்த இயற்கைக் கல்வி மையம். நேரம், காலை பத்தேகால்.

"சுவத்துக்குள்ள... கை!"

ஆர்க்கிடெக்ட் ஓடி வந்தாள். மூன்று வருஷம் தூக்கம் கெட்டு அவள் எழுப்பிய மண்சுவர்க் கட்டடம். ஒரு பொட்டு சிமெண்ட் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நம்பாத பிள்ளைகள் சுவருக்குள் எட்டிப் பார்க்கட்டும் என்று ஒரு சாண் கண்ணாடி பதித்து, 'உண்மை ஜன்னல்' என்று பெயரும் வைத்திருந்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை இப்போதுதான் உரித்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால், வைக்கோலுக்கும் களிமண்ணுக்கும் நடுவே...

ஐந்து விரல்கள்!

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார்; பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்து வாசலில் நின்றது. குனிந்து பார்த்தார்.

"சுவத்தைக் கட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரர்தான் சார். அவர்தான் கான்ட்ராக்டர்" என்றாள் ஆர்க்கிடெக்ட்.

கான்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"கடப்பாரை எடுய்யா! இடி!"

"ஐயோ, வேணாம் சார்!" கான்ட்ராக்டர் பாய்ந்து போய்ச் சுவரைக் கட்டிக்கொண்டார். "உங்க காலைப் பிடிக்கிறேன்!"

"ஏன்யா பதர்றே?"

"சார்... நான்தான் கொன்னேன்!"

ஆர்க்கிடெக்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி மனுஷா! கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல ஏறி நிப்பீங்களே! யாரைக் கொன்னீங்க?"

"யாரையோ... பேர் கேக்கலை."

"எதால கொன்னே?" இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார்.

"எது வசதியோ எழுதிக்கோங்க சார். கையெழுத்துப் போட்டுடறேன். சுவத்தை மட்டும் விட்டுடுங்க!"

இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஜெயிலுக்கு இவ்வளவு அவசரப்படுகிற ஆளை இன்ஸ்பெக்டர் பார்த்ததில்லை.

"இடிய்யா!"

தொம்! தொம்!

கண்ணாடி போனது. நாலு விரற்கடை மண் உதிர்ந்தது. வைக்கோலோடு பொத்தென்று விழுந்தது...

ஒரு ரப்பர் கையுறை! உள்ளே களிமண் அடைத்துக்கொண்டு, கொழுகொழுவென்று.

பிணம் இல்லை. மண்ணும் அவ்வளவுதான். அதற்குப் பின்னால் முழுக்க முழுக்க...

சிமெண்ட்!

அதிகாரி அம்மாள் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

"மழை விடவே இல்லைம்மா..." கான்ட்ராக்டர் இழுத்தார். "மண்ணு காயலை. திறப்பு தேதி வேற நெருங்கிடுச்சு. ஜன்னல் பக்கம் மட்டும் அவசர அவசரமா களிமண்ணை அடைச்சேனா... கையுறை உள்ளயே மாட்டிக்கிச்சு."

"சிமெண்ட்டை மறைக்கக் கொலையை ஒத்துக்கிட்டீங்களா?"

"ஜெயில்னா பதினாலு வருஷம்தானேம்மா... வீடுன்னா ஆயுசு முழுக்க!"

அவள் கான்ஸ்டபிள் கையிலிருந்த கடப்பாரையை மெதுவாக வாங்கினாள்.

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் காதைக் கடித்தார். "பாடிதான் இல்லையே சார்... வாசல்ல நிக்கிற ஆம்புலன்ஸை அனுப்பிடவா?"

ஆர்க்கிடெக்ட் கடப்பாரையைப் பிடித்திருந்த பிடியை இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

"அவசரப்படாதேய்யா... ஒரு பத்து நிமிஷம் நிக்கட்டும்!"