பச்சையில் இருந்த லயம்

மூன்றாம் லயத்தின் பத்துப் புள்ளிகளும் நேற்று வைத்த இடத்தில் இல்லை. கிருஷாந்தி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரே வரிசையில் பத்து வீடு, வரைபடத்தில் பத்துப் புள்ளி. சொல்லிவைத்த மாதிரி எல்லாம் சரிவில் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தன. அவளே வாசல் வாசலாக நின்று டேப்லட்டில் பதிந்தவை. ஆறாவது அவள் அம்மா காளியாயியின் வீடு.

இழுத்து மேலே வைத்தாள். மறுநாள் ஐந்து மீட்டர் கீழே.

நுவரெலியாவில், மண்சரிவு அபாய வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். லயத்துக்கு மேலே மழைத்தண்ணீரை ஒதுக்கிவிட வெட்டிய மூன்று கான்களும் தூர்ந்து புல் மண்டிப்போனது அவளுக்குத் தெரியாதா? தெரியும். வரைபடத்தில் லயம் ஆபத்தென்று சிவப்பானால் தோட்ட நிர்வாகம் வேறு காணி கொடுத்தாக வேண்டும்.

"செவப்பே போட்டுரு புள்ள. மழன்னா கண்ண மூட முடியல" என்று அம்மா கெஞ்சினாள்.

"கானெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று சிரித்தார் அவள் மேலதிகாரி. "ஒங்க வேலைய நிரந்தரமாக்குற கடிதம் என் மேசையிலதான் கெடக்கு."

பழைய தோட்டப் படத்தைப் பார்த்து மூன்று கானையும் நீலக் கோடாக இழுத்துவிட்டாள். கான் ஓடுகிறது என்றதும் கணினியே லயத்துக்குப் பச்சை அடித்தது. அவள் கை சுத்தம்.

மூன்றாம் நாள் அடைமழை. புள்ளிகள் நாற்பது மீட்டர் கீழே, ஓடைக்கரையில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பதறிப்போய் அம்மாவுக்கு போன் அடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கோம். வாயேன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவ."

ராகலையில் பஸ் மாறி, தோட்டத்துப் பாதையில் இறங்கி நடந்தபோது பகல் பன்னிரண்டு மணிக்கே மூட்டம் தேயிலையை மூடிக்கொண்டு கிடந்தது. அறுந்த வேரின் பச்சை வாசமும் கிளறிய மண்ணின் நாற்றமும் தொண்டைக்குள் இறங்க, மழை அவள் குடையில் மட்டும் சடசடத்தது, லயத்துத் தகரத்தில் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

லயம் நின்றது. பத்துக் கதவும் திறந்திருந்தன. நாய்கூடக் குரைக்கவில்லை.

"இந்தா, பட்டதாரி வந்துட்டாங்க!" பக்கத்து வீட்டு வாசலில் வீரய்யா. "கானு நல்லா ஓடுதா தங்கச்சி?"

பத்து வாசலும் சிரித்தது. அவர் பல்லிடுக்கில் செம்மண் தண்ணீர் வழிந்தது.

ஆறாவது வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கோப்பையை நீட்டினாள். சூடில்லை. கனத்தது. சேறு.

கிருஷாந்தி டேப்லட்டைப் பார்த்தாள். பத்துப் புள்ளியும் ஓடைக்கரையில்தான். இங்கே, இந்த இடத்தில், அவள் நிற்குமிடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும். தனியாக.

"அம்மா... வெளிய வாம்மா."

"எதுக்கு? பச்சையிலதானே இருக்கோம்."

கதவு சாத்திக்கொண்டது. யாரும் தொடவில்லை. இடுக்கில் மண் கசிந்தது. கணுக்கால். முழங்கால். அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரம். குளிர்.

அவள் அசையவில்லை. அசைய முடியவில்லை. திரையில் நீலப் புள்ளி இறங்கியது.

இரண்டு மீட்டர்.

ஐந்து.

சுற்றிலும் பச்சை.